பனி சரியும் முன்னே!

வெயிலுக்குப் பேர்போனது ஆற்காட்டுச் சீமை. இங்கே பனி என்றால் மார்கழி மாதத்துக் காலைப் பனிதான். ஆனால், இமயமலையில் பனி சரிந்தால் இங்கும் அழுகுரல் கேட்கிறது!

2016-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி. சியாச்சினில் 19,600 அடி உயரத்தில், மதராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாலியன் காவல் இருந்தது. முகாமின் மேல் பெரும் பனிச்சுவர் இடிந்து விழுந்தது. 10 ஜவான்கள் புதைந்தார்கள்.

மோப்ப நாய்களுடன் தோழர்கள் இரவு பகலாகத் தோண்டினார்கள். 6-ம் நாள் கர்நாடகத்தைச் சேர்ந்த ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார். நாடே மகிழ்ந்தது. பிப்ரவரி 11-ந் தேதி அவரும் டில்லி ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார்.

இறந்தவர்களில் 4 பேர் தமிழ்நாட்டவர்கள். ஒருவர் ஹவில்தார் ஏழுமலை. வேலூர் மாவட்டம் துக்கம்பாறைக்காரர்.

எப்படிச் சரிகிறது?

பனிச்சுவர் இடிவது ஒரு வகை. பனி அடுக்கு வழுக்குவது இன்னொரு வகை. இதுதான் மலையில் நடப்பவர்களை அதிகமாகக் கொல்கிறது.

பனி அடுக்கு அடுக்காக விழுகிறது. ஓர் அடுக்கு கெட்டியாக இருக்கும். இன்னொன்று சர்க்கரை போல உதிரியாக இருக்கும். தோல் ஷாப்பில் ஈரத் தோல்களை அடுக்கும்போது நடுவே ஒன்று வழுக்கினால் மேலே உள்ளதெல்லாம் சரியும் அல்லவா? அப்படித்தான் இதுவும். ஒரு மனிதன் நடக்கிற பாரமே போதும்!

30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த மலைச்சரிவில் ஆபத்து அதிகம். புதுப்பனி கொட்டிய மறுநாள், பலத்த காற்று, திடீர் வெயில் ஆகியவை அபாய அறிகுறிகள்.

புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரை மணி ஆனால் பலர் மூச்சு முட்டி இறந்து விடுகிறார்கள். ஆகவே, வருமுன் காப்பதே வழி.

எச்சரிக்கை வந்தும்...

பனிச்சரிவை ஆராயும் நிபுணர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். எச்சரிக்கையும் விடுகிறார்கள். கேட்பவர் யார்?

2023 ஏப்ரலில், சிக்கிமில் நாதுலா போகும் சாலையில் 7 சுற்றுலாப் பயணிகள் பனியில் மாண்டார்கள். 13-வது மைல் வரைதான் அனுமதி. விபத்து நடந்ததோ 15-வது மைலில்!

2025 பிப்ரவரி 28-ந் தேதி, பத்ரிநாத் அருகே மானாவில் சாலைத் தொழிலாளர்கள் 54 பேர் சிக்கினார்கள். 46 பேர் மீட்கப்பட்டார்கள். 8 பேர் மாண்டார்கள். முந்தின நாளே எச்சரிக்கை வந்திருந்தது. ஆனால், தொழிலாளர்கள் அங்கேயே தங்கியிருந்தார்கள்.

சுற்றுலா போகிறவர் வேண்டாம் என்று திரும்பி வரலாம். ஜவானும் கூலித் தொழிலாளியும் அப்படிச் செய்ய முடியாது. அனுப்பிய இடத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே, எச்சரிக்கை வந்தவுடன் அவர்களைக் கீழே இறக்குவது மேலதிகாரிகளின் கடமை. வேலை ஒரு நாள் நின்றால் மறுநாள் செய்து கொள்ளலாம். போன உயிர் திரும்பாது!