மூன்று சாட்சிகள்

நம்மிடம் முன்பு படித்த பெண் ஒருத்தி சில மாதங்களுக்கு முன் நம் இல்லத்துக்கு வந்தாள். வெகுநேரம் ஏதேதோ பேசியிருந்துவிட்டு, விடைபெறும் தறுவாயில், மார்பில் ஒரு கட்டி இருப்பதாகவும், எட்டு மாதமாக அதை ஒருவரிடமும் சொல்லவில்லை என்றும் கூறிக் கண்ணீர் உகுத்தாள். "அம்மாவிடமாவது சொல்லலாகாதா?" என்றோம். "கல்யாணப் பேச்சு நடக்கிறது, டீச்சர். வெளியே தெரிந்தால் என்ன ஆவது?" என்றாள்.

மறுநாளே தாயையும் மகளையும் வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம்.

மார்பில் தோன்றும் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இளம் பெண்களுக்கு மிகுதியாகக் காண்பது ஃபைப்ரோ அடினோமா என்பது. கோலிக்குண்டு போல் உருண்டு, விரல் பட்டதும் நழுவி ஓடும். நாற்பதை ஒட்டிய வயதில் நீர்க்கட்டிகள் அதிகம். ஆயினும், விரலால் தொட்டு மட்டும் இன்னதென்று தீர்ப்புக் கூற இயலாது. ஆதலின் வைத்தியர்கள் மூன்று சாட்சிகளை விசாரிக்கிறார்கள்: கை, படம், ஊசி.

இளவயதில் மார்பகத் திசு அடர்ந்திருப்பதால் எக்ஸ்ரேயில் கட்டி மறைந்துவிடக்கூடும். அவர்களுக்கு அல்ட்ராசவுண்டே முதற்படம். கட்டிக்குள் இருப்பது நீரா, சதையா என்பதை அது காட்டிவிடும். நாற்பதைக் கடந்தவர்களுக்கு மேமோகிராம் என்னும் எக்ஸ்ரே படமும் வேண்டும். பின்னர், அந்த இடத்தை மரக்கச் செய்து, ஊசியால் நூலளவு சதை எடுத்துச் சோதிப்பார்கள்.

1913-ல் பெர்லின் நகரத்து ஸாலமன் என்னும் சர்ஜன், அறுத்தெடுக்கப்பட்ட மூவாயிரம் மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்தார். அன்று அறுத்த பிறகு படம் பிடித்தார்கள். இன்றோ படம் பிடித்ததனாலேயே பலருக்கு அறுவை வேண்டாமற் போகிறது.

மூன்று சாட்சிகளும் 'தீங்கற்றது' என்று ஒரே குரலில் சொன்னால், சிறிய ஃபைப்ரோ அடினோமாவை அப்படியே விட்டுக் கவனித்து வரலாம். நோவு தரும் நீர்க்கட்டியை ஊசியால் வடித்துவிடலாம். கட்டி வளர்ந்தாலும், மூன்று சென்டிமீட்டருக்கு மேற்பட்டாலும், சாட்சிகள் முரண்பட்டாலும் கத்தி அவசியமாகலாம். அதுவும் பெரும்பாலும் கட்டியை மட்டும் நீக்கும் சிறு சிகிச்சையே. மார்பகத்தை இழக்க வேண்டுவதில்லை.

நம் மாணவிக்குக் கத்தி தேவைப்படவில்லை. ஆறு மாதம் கழித்து மீண்டும் ஒரு படம் எடுத்தாற் போதும் என்றார் வைத்தியர். "இதற்கா எட்டு மாதம் அழுதாய்?" என்று தாயார் மகளைக் கடிந்துகொண்டார். பிறகு சற்றுத் தயங்கி, "எனக்கும் இரண்டு வருஷமாய் ஒன்று இருக்கிறது, டாக்டர்" என்றார்.

நாம் திடுக்கிட்டோம். அவருக்கு வயது நாற்பத்தெட்டு. மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் எடுத்துப் பார்த்ததில் வெறும் நீர்க்கட்டி என்றே தெரிந்தது. ஆயின், வேறாகவும் இருந்திருக்கலாம். அப்போது அந்த இரண்டு வருஷத்தை யார் திருப்பித் தருவார்?

சகோதரிகளே, கட்டி கண்டால் அஞ்சற்க. அதனினும் முக்கியம், ஒளிக்கற்க. கட்டியோடு தோல் குழிந்தாலோ, காம்பில் இரத்தம் கசிந்தாலோ ஒரு நாளும் தாமதியாதீர்கள். தாய் வாய் திறந்தால்தான் மகளும் வாய் திறப்பாள்.