ஊனும் அன்பும்

கிறிஸ்தவர் ஊன் உண்ணலாமோ, ஆகாதோ என்னும் வினாவுக்குப் பவுல் அடியார் ஒரே சொல்லில் விடை பகர்ந்தாரல்லர். உண்போரும் உண்ணாதோரும் ஒருவரையொருவர் இகழலாகாது என உரோமருக்கு எழுதியவரே, தம் ஊணாற் பிறர் இடறுவராயின் ஊனையே ஒழிப்பதாகக் கொரிந்தியருக்கு எழுதினார். முன்னது உரிமை, பின்னது அன்பினால் அவ்வுரிமையை விடுதல்.

1606இல் மதுரை புகுந்த தத்துவபோதக சுவாமிகள் என்னும் றொபேட் டி நொபிலி ஊனும் மீனும் ஒழித்து, சோறும் மரக்கறியும் பாலும் கொண்டு வாழ்ந்தார். உயிரிரக்கத்தினும், தம் உண்கலத்தைக் கண்டு கேட்போர் அகன்றுவிடலாகாது என்னும் கருத்தே அதற்கு முதற்காரணம். அக்கருத்துப் போற்றற்குரியது. ஆயினும் உயர்குலத்தாரை அணுகும்பொருட்டு அவர் மேற்கொண்ட அவ்வொழுக்கம், தாழ்த்தப்பட்டோரிடமிருந்து விலகி வாழ்தலையும் வேண்டிநின்றது. ஒருவரை நெருங்க மற்றொருவரை நீக்கும் நோன்பை நிறைவுடையதென்று எங்ஙனம் கொள்வது?

வள்ளுவர் புலான்மறுத்தலை அருளுடைமைக்கு அடுத்தே வைத்தார். மரக்கறியுண்ணும் யான் அவ்வைப்புமுறையையே என் மாணவர்க்குச் சுட்டுவது வழக்கம். அருளிற் பிறவாத மறுப்பு வெறும் ஆசாரமேயாம். அயலான் இலையை நோக்கி முகஞ்சுளிப்பவன், சைவனாயினும் கிறிஸ்தவனாயினும், புலாலை விடுத்துச் செருக்கை உண்கின்றான். உண்பவனையும் பந்தியில் அருகிருத்தும் உண்ணாமையே நோன்பு.