பொதுப்பணம் ஈன்ற தேடுபொறி

கூகுள், மகிழுந்துக் கொட்டகையில் இருவரின் தனியறிவு ஈன்ற குழந்தையாம்! இப்படிப் பாடித் திரிகின்றனர் முதலாளியத்தின் கூலிப்புலவர்.

பொய்! ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுவனவற்றின் தகுதி யாது என நிறுத்து வரிசையிடும் அம் முறை, இசுட்டான்போர்டுப் பல்கலைக்கழக ஆய்வில் முளைத்தது. அமெரிக்க நடுவணரசின் அறிவியல் நல்கை அதற்குப் பால்வார்த்தது. அது வரிகட்டிய மக்கள் பணமன்றோ?

1980-ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகு ஆய்வின் காப்புரிமையைப் பல்கலைக்கழகமே கொள்ள வழிவிட்டது. நல்கையைக் கருவூலத்துக்குத் திருப்பும் கடப்பாட்டை விதிக்கவில்லை. உரிமத்துக்கு ஈடாகப் பெற்ற பங்குகளை விற்று, 2005-இல் பல்கலைக்கழகம் ஏறத்தாழ 33 கோடியே 60 இலக்கம் தாலர் ஈட்டியது. (கல்விக்கூடம் ஈட்டுவதில் குறையில்லை.) வித்திட்ட குடிமகனுக்கு ஒரு பங்குத்தாளேனும் உண்டா?

ஆய்வு நிறுமமாகட்டும்; உரிமம் எழுதும் நாளிலேயே பொதுமக்கள் பங்கையும் எழுதுக!