எச்.ஐ.வி.ன்னா ஏன் டாபிக் மாறுது?

பிளேஸ்மென்ட் சீசன்ல "அடுத்து என்ன பிளான்?"னு கேட்டா, தொற்றுநோய் ஆராய்ச்சின்னு சொல்றேன். "அது டாக்டருங்க வேலைப்பா" என்கிறார்கள். எச்.ஐ.வி. தடுப்புன்னு சொன்னா பேச்சே நின்னுடுது. தொப்பூர் கணவாய் வழியா லாரி ஓட்டுற என் மாமாவும் டாபிக்கை மாத்திட்டார்.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் செல்லப்பன் நிர்மலா ஒரு முதுநிலை மாணவி. பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்ன ஆய்வுத் தலைப்பு எச்.ஐ.வி. "இந்தியாவுக்கு அதெல்லாம் வராது" என்று பலரும் நம்பிய காலம். வசதி இல்லாததால் மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்தார். ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரிய வந்தது. யாரும் கேட்க விரும்பாத கேள்வியை ஒரு ஸ்டூடன்ட் கேட்டதால்!

2004 முதல் அரசே ஏ.ஆர்.டி. மருந்தை இலவசமா தருது. தினமும் ஒழுங்கா எடுத்து, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைஞ்சா, உடலுறவு வழியா அடுத்தவருக்குப் பரவாது. ஆனா டெஸ்டுக்கே வரலைன்னா? மலிவான கிட், ரகசியம் காக்கும் சாஃப்ட்வேர், மருந்து பாதியில நிக்குதான்னு காட்டும் டேட்டா... இதெல்லாம் நம்ம சிலபஸ்தானே?

ஐ.டி. சம்பளம் வராது, ஒத்துக்கிறேன். ஆனா போன லீவுல மாமாகிட்ட, அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல டெஸ்ட் இலவசம், விஷயம் வெளியே போகாதுன்னு சொன்னேன். இந்த தடவை டாபிக் மாத்தலை. "எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"ன்னு கேட்டார்.