மலை அழைக்கிறது! குரங்கணியை மறக்கலாமா?

எண்ணூரில் ஆலைப்புகை. திருவொற்றியூரில் லாரி இரைச்சல். ராயபுரத்தில் துறைமுக நெரிசல். ஆறு நாளும் இதில் உழல்கிறவர்களுக்கு, ஏழாம் நாள் மலைக்காற்று வாங்க ஆசை வருவது இயற்கை. நல்ல ஆசைதான்!

ஆனால் அன்று நடந்தது என்ன?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீ பிடித்தது. சென்னை, ஈரோடு, திருப்பூர் பக்கங்களிலிருந்து மலையேறப் போனவர்கள் சிக்கிக்கொண்டார்கள். 20 பேருக்கு மேல் மாண்டார்கள். பலர் இளம் வயதினர்.

தப்ப முடியாதது ஏன்?

மாசி, பங்குனியில் மலைப்புல் சருகாகக் காய்ந்து கிடக்கும். தீயின் வெப்பம் மேல்நோக்கிப் போய், மேலே உள்ள புல்லையும் உலர்த்திவிடும். காற்றும் சேர்ந்தால், தீ சரிவில் ஏறும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது.

அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 மலைப்பாதைகளை அறிவித்தது. முன்பதிவு செய்ய வேண்டும். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார்.

வடசென்னைக்காரர்கள் தேனிவரை போக வேண்டியதில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டிக்கு அருகே உள்ள குடியம் குகைப் பாதையும் அந்த 40-ல் ஒன்று. கற்கால மனிதர் வாழ்ந்த பகுதி அது.

"காட்டுக்குப் போக அனுமதி எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அனுமதி பெற்றுப் போனால், உள்ளே இருப்பவர் யார், எத்தனை பேர் என்று வனத்துறைக்குத் தெரியும். ஆபத்து என்றால் தேடி வர ஆள் உண்டு.

தீக்காலத்தில் பாதை மூடியிருந்தால் வீடு திரும்புவதே அறிவு. அடுத்த மாதமும் மலை அங்கேயேதான் இருக்கும்!