கண்ணகி நகருக்கு ஒரு களப் பாட்டு

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அணியின் துணைத் தலைவி, சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. ஊர் திரும்பியவருக்கு முதல்வர் மு.க.ஸ்டாலின் 25 லட்சம் ரூபாய் வழங்கினார். உடனே சச்சரவு எழுந்தது: சதுரங்க வீரர் குகேஷுக்கு 5 கோடி, கார்த்திகாவுக்கு 25 லட்சம்தானா?

கேள்வி நியாயமானது. ஆனால், மரியாதையைத் தொகையைக் கொண்டு மட்டுமே அளக்கும் பேச்சு எரிச்சலூட்டுகிறது. காசோலை ஒரு நாள் செய்தி. களத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் தனக்கென்றே எழுதப்பட்ட பாட்டு ஒலிப்பதுதான் நிலைத்த மரியாதை.

இதை ஜப்பான் உணர்ந்திருக்கிறது. அங்கே பேஸ்பால் ரசிகர் மன்றங்கள் மட்டைக்காரர் ஒவ்வொருவருக்கும் தனிப்பாட்டு கட்டுகின்றன. அவர் மட்டை பிடித்ததும் எக்காளமும் பெருமுரசும் முழங்க, கேலரியே அதைப் பாடும். வெளியூர் ஆட்டங்களுக்கும் ரசிகர்கள் வாத்தியங்களோடு போகிறார்கள். கோஷியென் மைதானத்தில் ஹான்ஷின் டைகர்ஸ் வீரர் கியூஜி ஃபுஜிகாவா ஆடிய காலத்தில், அவர் பந்துவீச வரும்போது லிண்ட்பெர்க் ராக் குழுவின் பாட்டு ஒலித்தது. கூட்டம் சேர்ந்து பாடியது. ஒரு வீரரின் வருகைக்கென்றே இசைக் குழு புதுப் பாட்டு வெளியிட்டதும் அங்கே நடந்திருக்கிறது. நட்சத்திரம், புதுமுகம் என்ற பேதமில்லாமல் பெயர் சொல்லி அழைக்கும் பண்பாடு அது.

நம் ஊரில்? 2020-ல் கிரிக்கெட் வீரர் தோனியின் பிறந்தநாளுக்கு, சென்னை அணியில் அவருடன் ஆடிய டுவைன் பிராவோ பாட்டு வெளியிட்டார். ராஞ்சிக்காரருக்கு டிரினிடாட்காரர் பாடியதைச் சென்னை கொண்டாடியது. அதில் தவறில்லை. ஆனால், தாம்பரத்திலும் மேடவாக்கத்திலும் டென்னிஸ் பால் கிரிக்கெட் மேட்ச் நடக்கும் இடங்களில் மைக் செட்டில் கேட்பது சினிமாப் பாட்டு. மண்ணின் வீரருக்கு மட்டும் இரவல் இசை போதும் என்று யார் முடிவு செய்தது?

இத்தனைக்கும் களப் பாட்டு நமக்குப் புதிதே அல்ல. சடுகுடு ஆடியவர்கள் எதிரணிக் கோட்டைத் தாண்டும்போது தங்கள் வீரத்தைச் சொல்லும் அடிகளைப் பாடிக்கொண்டே போனார்கள். போட்டி விதிகள் வந்து எல்லோர் வாயிலும் ‘கபடி கபடி’ என்ற ஒரே சொல்லை வைத்தன. ஆட்டம் ஆசிய அளவுக்கு வளர்ந்தது. ஊர்ப் பாட்டு வெளியேற்றப்பட்டது.

மைதானம் கச்சேரி மேடை அல்ல என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பஹல்காம் பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு, 2025 மே மாதம், எஞ்சிய ஐபிஎல் ஆட்டங்களில் டிஜே வேண்டாம் என்றார் முன்னாள் கிரிக்கெட் வீரர் சுனில் கவாஸ்கர். அது துக்க காலத்து வேண்டுகோள். அதை எல்லாக் காலத்துக்கும் சட்டமாக்க நினைப்பவர்களுக்கு விளையாட்டும் தெரியாது, மக்களும் தெரியாது.

கார்த்திகாவுக்கே வருவோம். சென்னையின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள், 2000-லிருந்து குடியமர்த்தப்பட்ட இடம் கண்ணகி நகர். 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். முகவரி சொன்னாலே வேலை மறுக்கப்படுகிறது என்று அந்த மக்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அதே முகவரியைத் தன் பெயருக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார் கார்த்திகா. வடசென்னையின் கானா பாடகரும் பறைக் கலைஞரும் சேர்ந்து அவருக்கு ஒரு பாட்டு கட்டட்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அதற்கான செலவை ஏற்கட்டும். மாநிலத்துக்காக ஆடும் ஒவ்வொருவருக்கும் இது உரிமையாகட்டும். அரங்கம் முழுக்க அந்தப் பாட்டு ஒருமுறை ஒலித்தால் போதும். கண்ணகி நகர் என்று சொல்லி வேலை கேட்கும் எவரையும் அதன்பிறகு யாரும் திருப்பி அனுப்ப முடியாது.