நம்ம ஊரா இது?

மும்பைக்கு வந்து 19 வருஷம் ஆகிறது. அதில் 14 வருஷம் வாடகை வீடு. 11 மாத அக்ரிமெண்ட், டெபாசிட், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, 'நான்வெஜ் சாப்பிடுவீங்களா' என்ற கேள்வி... வெளியூரில் குடித்தனம் நடத்தும் யாருக்கும் நான் இதையெல்லாம் விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு விஷயம் ரொம்ப நாளாக உறுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்தால் வாடகையைப் பற்றித்தான் புலம்பல். அந்த வாடகை ஏன் அவ்வளவு என்பதில் பெரும்பங்கு வகிக்கும் விதிகளைத் திருத்தும்போது மட்டும் நம்மில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

அந்த விதிகளுக்கு இங்கே டெவலப்மெண்ட் பிளான் என்று பெயர். சுருக்கமாக டி.பி. எந்த மனையில் வீடு, எதில் ஆபீஸ், எங்கே பள்ளிக்கூடம், எங்கே மார்க்கெட், எது பூங்கா என்று 20 வருஷத்துக்குக் கோடு போட்டுவிடுவார்கள். கூடவே எஃப்.எஸ்.ஐ. ஆயிரம் சதுர அடி மனையில் எஃப்.எஸ்.ஐ. 2 என்றால், எத்தனை மாடி போட்டாலும் மொத்தம் இரண்டாயிரம் சதுர அடிதான் கட்டலாம். (இதைப் புரிந்துகொள்ள எனக்கே ஒரு வாரம் ஆனது, நான் பார்ப்பது கம்ப்யூட்டர் வேலை.) மும்பைத் தீவுப் பகுதிக்கு அடிப்படை எஃப்.எஸ்.ஐ. 1.33, புறநகருக்கு 1 என்றுதான் பல காலம் இருந்தது. மேலே காசு கட்டி வாங்குவது, வேறிடத்து உரிமையைக் கொண்டுவந்து சேர்ப்பது எல்லாம் தனிக்கதை.

2014-34 காலத்துக்கான வரைவு 2015 பிப்ரவரியில் வந்தது. வந்ததும் ஊரே கொதித்தது. கட்டிடம் நிற்கும் இடத்தில் ரோடு, பாரம்பரியக் கட்டிடங்களும் வழிபாட்டுத் தலங்களும் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தன, சில ரயில் நிலையங்களைச் சுற்றி எஃப்.எஸ்.ஐ. 8 வரை போகலாம் என்று ஒரு யோசனை. மக்கள் விட்ட எதிர்ப்பில் ஏப்ரல் மாதமே முதல்வர் பட்னவிஸ் அதை நிறுத்தி, திருத்தி எழுதச் சொன்னார். ஒரு மாநகரத்தின் திட்டத்தையே மக்கள் திருப்பி அனுப்பிய கதை இது. ஆனால் எந்த மக்கள்?

திருத்திய வரைவு 2016 மே மாதம் வந்தது. அப்போது நாங்கள் செம்பூரில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் சொசைட்டியில் வரைபடத்தை பிரிண்ட் எடுத்து, கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் வைத்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். செக்ரட்டரி நல்ல மனிதர்தான், பண்டிகைக்கு வீடு தேடி இனிப்பு கொடுப்பவர். கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்ததும், "நீங்கள் வாடகைக்குத்தானே, உங்களுக்கு வேண்டாம்" என்று பேப்பரை அடுத்தவரிடம் நீட்டிவிட்டார். கோபம்கூட வரவில்லை. ஆமாம்தானே, நமக்கென்ன என்று பேசாமல் மாடியேறி வந்துவிட்டேன். இப்போது நினைத்தால் அதுதான் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் அண்ணாச்சி கடையில் இதைச் சொன்னேன். அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். மார்க்கெட் சந்தில் சின்ன மளிகைக்கடை, மாவும் அரைத்து விற்பார். அப்போதே அவர் வந்து 32 வருஷம் ஆகியிருந்தது. "விடுங்க தம்பி, நமக்கு எதுக்கு வம்பு? இது என்ன நம்ம ஊரா?" என்றார். 32 வருஷம் வாழ்ந்த ஊர், பிள்ளைகள் மூன்றும் பிறந்த ஊர்!

அன்று ராத்திரி சட்டத்தைத் தேடிப் படித்தேன். மகாராஷ்டிர நகரமைப்புச் சட்டம், 1966. வரைவுக்கு ஆட்சேபமோ யோசனையோ சொல்லக்கூடியவர் யார் என்று பார்த்தால், 'எந்த நபரும்' என்று இருக்கிறது. சொந்தக்காரர் என்றில்லை, வாக்காளர் என்றில்லை, மராத்தி தெரிந்தவர் என்றும் இல்லை. குறித்த நாளுக்குள் எழுத்து மூலமாகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். செக்ரட்டரிக்கும் இது தெரிந்திருக்காது, எனக்கும் தெரியாது.

காலையில் அண்ணாச்சியிடம் போய், "இந்த மார்க்கெட்டுக்கு என்ன குறை, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றேன். பார்க்கிங் என்பார், இல்லை ரோடு என்பார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "காய் விக்க வர்ற பொம்பளையாளுக காலைல நாலு மணிக்கு வந்து உக்காருதாங்க. மதியம் வரைக்கும் ஒதுங்க ஒரு இடம் கிடையாது. தண்ணியே குடிக்க மாட்டாங்க தம்பி" என்றார். 14 வருஷம் அந்த ஊரில் வாடகை கொடுத்த காலத்தில் அதே பெண்களிடம்தான் கீரை வாங்கினேன். ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கார் நிறுத்துமிடத்துக் கூட்டத்தில் இது வந்திருக்கவே வராது. அங்கே பேசியதெல்லாம் பார்க்கிங், பக்கத்து மனையில் உயரமான கட்டிடம் வந்தால் வெளிச்சம் போய்விடும், குடிசைவாசிகளுக்கு வீடு கட்டினால் நம் ஃபிளாட்டின் மதிப்பு குறையும், இவைதான். மக்கள் கருத்து கேட்டார்களே என்று மகிழ்கிறோம். மனை வைத்திருப்பவர் மட்டும் பேசினால் அது மனைக்காரர்கள் கருத்துதான். சில சமயம் அது புதிதாக வருகிறவனுக்குக் கதவைச் சாத்தும் கருத்தாகவும் இருக்கும். 2011 கணக்குப்படி இந்த நகரில் 40 சதவீதத்துக்கும் மேலானவர்கள் குடிசைப் பகுதிகளில் இருக்கிறார்கள். நில உபயோக வரைபடத்தில் அப்பகுதிகள் உள்ளே பள்ளி உண்டா, பட்டறை உண்டா என்ற விவரமில்லாமல் வெறும் திட்டாகக் கிடப்பதாகத் தன்னார்வ அமைப்புகள் கத்திக்கொண்டே இருந்தன. நம்மவர்கள் அத்தனை பேர் வாழும் தாராவி தனித் திட்டப் பகுதி, அது இதற்குள்ளேயே வராது.

'எழுதிப் போட்டால் மட்டும் படிக்கவா போகிறார்கள்?' நியாயமான கேள்வி. 2016 வரைவுக்கு வந்த ஆட்சேபங்களும் யோசனைகளும் சுமார் 84,000. அதில் ஒரே வாசகத்தை நகலெடுத்து அனுப்பியவையும் நிறைய இருக்கும். நாங்கள் கொடுத்த ஒற்றைக் கடிதத்தால் இன்னது நடந்தது என்று என்னால் எதையும் காட்ட முடியாது.

ஆனால் பெண்கள் அமைப்புகள் வருஷக்கணக்கில் விடாமல் கேட்டதில் சில விஷயங்கள் உள்ளே வந்தன. 2018-ல் அமலுக்கு வந்த திட்டத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான குடியிருப்பு, வீடற்றோர் தங்குமிடம் போன்றவற்றுக்கென்றே நிலம் ஒதுக்கும் வகைகள் இருக்கின்றன. ஒதுக்கினதெல்லாம் கட்டிடமாகிவிடாது, அதுவும் தெரியும். ஆனால் ஒதுக்காத நிலத்தில் கட்டச் சொல்லிக் கேட்கவே முடியாது. என் சித்தி மகள் வேலை கிடைத்து இங்கே வந்தபோது, ஒரு அறையில் நாலு கட்டில் போட்ட பி.ஜி.க்காக அந்தேரியில் மூன்று வாரம் அலைந்தோம். அந்த வகை எவ்வளவு முக்கியம் என்று அப்போதுதான் உறைத்தது.

மற்ற ஊர்களிலும் இதே கதைதான். பெங்களூரில் 2017 நவம்பரில் 2031-க்கான வரைவு வந்து, பிறகு திரும்பப் பெறப்பட்டது. டெல்லியில் 2041-க்கான வரைவை 2021 ஜூனில், கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்தும் ஓயாத நேரத்தில் வெளியிட்டு, 45 நாளில் கருத்து சொல்லச் சொன்னார்கள். சத்தம் போட்ட பிறகுதான் கெடு நீண்டது. நம் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கு ஹால் பிடிக்கும் சுறுசுறுப்பில் பத்தில் ஒரு பங்கு போதும். வரைவு வரும்போது நாலு பேர் உட்கார்ந்து படித்து, ஆளுக்கொரு பக்கம் எழுதிவிடலாம். அச்சடித்த படிவத்தில் வெறும் கையெழுத்து வேண்டாம். உங்கள் தெரு, உங்கள் குறை, உங்கள் சொந்த வார்த்தை. வாடகைக்கு இருப்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள், மறைக்காதீர்கள். ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கழிப்பறை கேட்டு நான் ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்த கடிதத்தில் அண்ணாச்சி தமிழில்தான் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "இது இங்க செல்லுமா தம்பி?" என்று சந்தேகமாகக் கேட்டார். செல்லும் என்றேன். காய்கறி விற்கும் பெண்கள் எட்டு பேரிடம் அவரே போய்க் கைநாட்டும் கையெழுத்தும் வாங்கி வந்தார்.

உங்கள் ஊரில் யாராவது இப்படி எழுதிக் கொடுத்திருந்தால் சொல்லுங்கள். என்ன பதில் வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை.